பழைய பிரிட்டிஷ் சிட்காம்: சிரிப்பு எந்த வரியில் விழுகிறது?

தேநீர்_இடைவேளை:
எழுபது, எண்பதுகளில் வந்த பிரிட்டிஷ் சிட்காம்களை, அதாவது டிவி நகைச்சுவைத் தொடர்களை, இப்போது திரும்ப எடுத்துப் பார்ப்பவர்களுக்காக இந்த இழை. கேள்வி இரண்டு. கையில் இருப்பது முழுப் பிரதியா, கத்திரி பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்றைக்கு எது நிற்கிறது, எது இடறுகிறது, ஏன்?

"அந்தக் காலம் அப்படி" என்று முடிக்கிறவர்களும் "எல்லாம் குப்பை" என்கிறவர்களும் ஏதாவது ஒரு காட்சியைப் பெயர் சொல்லிப் பேசினால் புண்ணியமாப் போகும்.

நாடாப்பெட்டி:
ஃபால்ட்டி டவர்ஸிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் குழப்பம் அதிகம். மொத்தமே 12 எபிசோட்: 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு. சர்ச்சை எல்லாம் முதல் சீரிஸின் கடைசி எபிசோடான 'த ஜெர்மன்ஸ்' பற்றியது. முதல் ஒளிபரப்பு 1975 அக்டோபர் 24.

பார்க்க வேண்டிய இடம் இது. ஓட்டலிலேயே தங்கியிருக்கும் வயதான மேஜர் கோவன், ஓட்டல் முதலாளி பேசிலிடம் பழைய கதை சொல்வார். ஒரு பெண்ணை இந்தியா பார்க்கக் கூட்டிப்போனேன் என்பார். "இந்தியாவுக்கா?" என்று பேசில் வாயைப் பிளக்க, "ஓவல் மைதானத்தில்" என்பார். விஷயம் கிரிக்கெட். அடுத்து வருவதுதான் வினை. அந்தப் பெண் இந்திய ஆட்டக்காரர்களை ஒரு நிறவெறி வசைச்சொல்லால் குறிப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம், இவர் திருத்தினாராம். எப்படி? அந்த வசவு மேற்கிந்தியருக்கு உரியது, இந்தியருக்கு வேறு வசவு இருக்கிறது என்று. ஓவலுக்குப் பின் இந்தத் திருத்தம் வந்தால் உங்களிடம் இருப்பது முழுசு. வராவிட்டால் வெட்டியது.

2013-ல் பிபிசி மறுஒளிபரப்பில் வெட்டியது இந்த வரிகளைத்தான். 2020 ஜூனில் நடந்தது வேறு: பழைய பிபிசி தொடர்களை ஓட்டும் யூகேடிவி நிறுவனம் தன் ஸ்ட்ரீமிங் தளத்திலிருந்து எபிசோடையே எடுத்துவிட்டு, சில நாளில் எச்சரிக்கை வாசகம் சேர்த்துத் திரும்ப வைத்தது. இரண்டையும் ஒன்றாக முடிந்து "2020-ல் வெட்டினார்கள்" என்று எழுதுகிறவர்கள் ஏராளம்.

சுக்குமல்லி:
வெட்டினா என்ன? இந்தியரைத் திட்டுற சொல் ஒண்ணு போச்சு, அவ்வளவுதானே. நமக்கு என்ன நஷ்டம்?

நாடாப்பெட்டி:
நமக்கு நஷ்டமோ இல்லையோ, மேஜருக்குக் கொள்ளை லாபம். வெட்டிய பிரதியில் அவர் ஞாபகமறதி பிடித்த அப்பாவித் தாத்தா. அந்த வரிகள் இருந்தால்தான் ஆள் யார் என்று தெரியும்: சாம்ராஜ்யம் போனதே உறைக்காமல், வசவிலும் இலக்கண சுத்தம் பார்க்கிற மனுஷன். "திருத்தினேன்" என்று அவர் சொல்லும்போது கண்டிக்கப் போகிறார் என்று நினைப்போம், அந்த எதிர்பார்ப்பை உடைப்பதில்தான் ஜோக் இருக்கிறது. கத்திரி காப்பாற்றியது அவரைத்தான்.

இன்னொன்று. வெட்டுகிறவர்கள் சொல்லைத்தான் தேடுகிறார்கள். அதே எபிசோடில் ஆஸ்பத்திரிக் காட்சி இருக்கிறது. உள்ளே வரும் டாக்டர் கறுப்பினத்தவர், அவரைக் கண்டதும் பேசில் தூக்கிவாரிப் போட்டுத் திகைப்பான். வசவு ஒன்றும் கிடையாது, ஆகவே யாரும் தொடவில்லை. என்னைக் கேட்டால் இன்று நெளிய வைப்பது அந்த அரை நொடித் திகைப்புதான்.

ஆனால் சுக்குமல்லி சொல்வதை முழுசாகத் தள்ளவும் முடியாது. 2020-ல் நீக்கத்தை எதிர்த்துக் காட்டமாகப் பேசிய ஜான் க்ளீஸ் (பேசிலாக நடித்து, தொடரைச் சேர்ந்து எழுதியவர்), 2024-ல் லண்டன் மேடை வடிவத்தில் அந்தச் சொற்களைத் தானே விட்டுவிட்டார்.

மழைக்காகம்:
சொல்லைத் தேடிப் பயனில்லை என்பது சரி. அப்படியானால் எதைத் தேடுவது? இந்த சிட்காம்களில் ஒரு வசதி உண்டு. முக்கால்வாசி ஸ்டூடியோவில் ஜனங்களை உட்கார வைத்து ஒரே மாலையில் பதிவு செய்தவை. வெளிப்புறக் காட்சிகளை முன்கூட்டியே எடுத்து, அதே கூட்டத்துக்குத் திரையில் போட்டுக் காட்டிச் சிரிப்பைப் பதிந்துகொள்வார்கள். ஆக, கேட்பது அநேகமாக அன்றைய மனிதர்களின் நிஜச் சிரிப்பு. அது எந்த வரியில் விழுகிறது என்று காதை வைத்துக் கேளுங்கள்.

செய்முறை: சந்தேகமான காட்சியை முதலில் படத்தைப் பார்க்காமல் ஒலி மட்டும் கேளுங்கள். சிரிப்பு நிறவெறியன் பேசி முடித்தவுடன் வெடிக்கிறதா, அடுத்தவர் பதிலுக்குக் காத்திருந்து வெடிக்கிறதா, பதிலே இல்லாத மௌனத்தில் வெடிக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு படத்தோடு பார்த்து, அந்த நொடியில் கேமரா யார் முகத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

லவ் தை நெய்பர் (தேம்ஸ், 1972–76) எடுத்துக்கொள்ளுங்கள். எடி பூத் பக்கத்து வீட்டுக் கறுப்பினத்தவர் பில்லைப் பார்த்து வசவை வீசுகிறான், சிரிப்பு அந்த வசவின் மேலேயே விழுகிறது. பில்லும் பதிலுக்குத் திட்டுகிறான், அதற்கும் சிரிப்பு. "ரெண்டு பேரும் சரிக்குச் சரி" என்று இதைத்தான் வாதாடுவார்கள். ஆனால் ஒரு வசவை அடுத்த நாள் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பையன் மேல் எறிய முடியும், இன்னொன்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. தராசுத் தட்டு இரண்டும் சமமாகத் தெரிவது ஸ்டூடியோவுக்குள் மட்டும்தான்.

அதே காலத்து ரைசிங் டாம்ப் (யார்க்‌ஷயர் டிவி, 1974–78, 28 எபிசோட்) பாருங்கள். வீட்டுக்காரர் ரிக்ஸ்பிக்கும் நிறவெறிதான், அறியாமைதான். வாடகைக்கு இருக்கும் கறுப்பினத்தவன் பிலிப், ஆப்பிரிக்கத் தலைவர் ஒருவரின் மகன் என்று சொல்லிக்கொள்பவன், டான் வாரிங்டன் நடித்தது, குரல் உயர்த்துவதே கிடையாது. ரிக்ஸ்பி ஆப்பிரிக்கா பற்றி ஏதோ உளறுவார், சின்னச் சிரிப்பு. பிலிப் முகம் மாறாமல் தன் பத்து மனைவிகளைப் பற்றி ஒரு வரி போடுவான், ரிக்ஸ்பி அப்படியே நம்பிப் பொறாமையில் வேகுவார், பெரிய சிரிப்பு அங்கே. கேமராவும் ரிக்ஸ்பியாக நடித்த லியோனார்ட் ராசிட்டர் முகத்தில்தான். போதாக்குறைக்கு ரிக்ஸ்பி உருகும் மிஸ் ஜோன்ஸுக்கு பிலிப் மேல்தான் கண். இதை வைத்து எடுத்த 1980 சினிமாவில் பிலிப் நிஜத்தில் லண்டன் பக்கத்து குராய்டன் ஆள் என்று உடைத்தே விட்டார்கள். அந்தப் படத்தை முதலில் பார்க்காதீர்கள். ஸ்டூடியோ கூட்டம் இல்லாததால் ராசிட்டரின் வேகமே வேறு மாதிரி தெரியும்.

கத்தரிப்பு:
மழைக்காகத்தின் கணக்கு அழகாக இருக்கிறது, டில் டெத் அஸ் டு பார்ட்டில் போட்டுப் பாருங்கள், உடைந்துவிடும். அதில் நிறவெறி பேசும் நாயகன் ஆல்ஃப் கார்னெட்டை ஜானி ஸ்பெய்ட் எழுதியது அந்த மனோபாவத்தைக் கேலி செய்ய. நடித்த வாரன் மிச்சல் யூதர். இருந்தும் "நம்ம மனசுல இருக்கறதைச் சொல்றான்யா" என்று பாராட்டியவர்கள் உண்டு, அது ஸ்பெய்ட்டுக்கும் மிச்சலுக்கும் தெரிந்தே இருந்தது. சிரிப்பு எங்கே விழுந்தது என்பது ஒலிநாடாவில் இருக்கிறது. அவனைப் பார்த்துச் சிரித்தார்களா, அவனோடு சேர்ந்து சிரித்தார்களா என்பது இல்லையே.

மழைக்காகம்:
ஒத்துக்கொள்கிறேன், அதுதான் இந்த முறையின் எல்லை. ஆனால் டில் டெத்திலேயே எந்த எபிசோட் தாங்குகிறது என்று பிரிக்க இது உதவும். ஆல்ஃபும் மருமகன் மைக்கும் மாறி மாறிக் கத்தும் காட்சிகள் இன்று அலுப்பு, ஏனென்றால் மைக்கிடம் நியாயம் இருக்கிறதே தவிர ஜோக் இல்லை. மனைவி எல்ஸ் அசையாமல் உட்கார்ந்து, சம்பந்தமில்லாமல் ஒரே வரியில் ஆல்ஃபின் காற்றைப் பிடுங்கிவிடும் காட்சிகள் இன்றும் சிரிக்க வைக்கும். எல்ஸாக நடித்த டான்டி நிக்கல்ஸ் இருக்கும் எபிசோடாகத் தேர்ந்தெடுங்கள். அறுபதுகளின் கறுப்பு-வெள்ளை எபிசோட்கள் பலவற்றை பிபிசியே நாடாவிலிருந்து அழித்துவிட்டது, நாம் பேசுவதெல்லாம் மிஞ்சியதை வைத்துத்தான்.

பனங்கிழங்கு:
மைண்ட் யுவர் லாங்க்வேஜ் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே? எங்கட பக்கத்து ஆக்களுக்கு அதுதானே முதல் ஞாபகம் வரும்.

லண்டனில வெளிநாட்டு ஆக்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிற ஒரு வகுப்புதான் கதை. 1977 தொடக்கம் 1979 வரை எல்.டபிள்யூ.டி. (லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன்) தயாரிப்பு, மூண்டு சீரிஸ், 29 எபிசோட். எழுதினது வின்ஸ் பவல், லவ் தை நெய்பரை உருவாக்கின இரட்டையரில ஒருத்தர். இனத்துக்கு ஒரு அச்சு வைச்சு வார்த்த பாத்திரங்கள் எண்ட காரணத்தாலதான் எல்.டபிள்யூ.டி.யில இருந்த மைக்கேல் கிரேட் நிப்பாட்டினவர், பார்க்க ஆளில்லாமல் இல்லை. 1986-ல வேற ஆக்கள் இன்னொரு 13 எடுத்தவை, அது முந்தினதின்ர சக்கை.

நடிகர் பட்டியலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கோ. பஞ்சாபி சீக்கியர் ரஞ்சித் சிங்: ஆல்பர்ட் மோசஸ், பிறந்தது எங்கட இலங்கையில, கம்பளை ஊரில. லாகூர் அலி: டினோ ஷஃபீக், பிறந்தது டாக்காவில. மாவோவின்ர சின்னப் புத்தகத்தோட வாற சீனப்பெண்: பிக்-சென் லிம், பினாங்கு. கிரேக்கர் மேக்ஸ்: கெவொர்க் மாலிக்யான், துருக்கியில பிறந்த ஆர்மீனியர். ஸ்பானியர் ஹுவான்: ரிக்கார்டோ மொன்டெஸ், ஜிப்ரால்டர். பிரெஞ்சுக்காரி டானியேல்: ஃபிரான்ஸ்வாஸ் பஸ்கால், மொரீசியஸ். ஜெர்மன் ஆனாவா நடிச்ச ஜாக்கி ஹார்டிங் இங்கிலாந்துக்காரி. அனேகமா ஒவ்வொருத்தரும் பக்கத்து வீட்டு நாட்டை நடிக்கினம். லண்டனில ஒரு ஆசியன் மற்ற ஆசியனுக்குப் பதில் நிக்கலாம் எண்ட நினைப்பு அது. மேக்கப் போட்ட வெள்ளைக்காரனிலும் இது மேல், ஆனா எவ்வளவு மேல் எண்டது கேள்வி.

ஜோக்குகளை நான் ரெண்டாப் பிரிப்பன். ஒண்டு, ஆங்கிலமே சதி செய்யிற ஜோக்: வாத்தியார் பிரவுண் ஒரு மரபுத்தொடர் சொல்ல, வகுப்பு அதைச் சொல்லுக்குச் சொல் விளங்கிக்கொள்ளுறது. அது இண்டைக்கும் நல்லாவே ஓடுது, ஏனெண்டால் குற்றம் மொழியின்ர தலையில. மற்றது, ஜப்பான்காரர் டாரோ எல்லாச் சொல்லுக்கும் பின்னால "ஓ" போடுறதும், ரஞ்சித்தும் அலியும் மதச் சண்டை பிடிக்க, ரஞ்சித் கிர்பான் கத்தியைத் தூக்குறதும். அது முதல் கிழமை சிரிப்பு, நாலாம் கிழமை வாய்ப்பாடு. ஒரே மூச்சில ஆறு எபிசோட் பார்க்காதேங்கோ. கிழமைக்கு ஒண்டு எண்டு எழுதினது, அடுக்கிப் பார்த்தால் அச்சு துலங்கத் தெரியும்.

தேநீர்_இடைவேளை:
1993-ல் தூர்தர்ஷனில் வந்த 'ஜபான் சம்பால்கே' இதன் இந்தி வடிவம், பங்கஜ் கபூர் வாத்தியார். அங்கே ஆங்கிலத்துக்குப் பதில் இந்தி வகுப்பு, மாணவர்களில் தமிழரும் உண்டு. அச்சு அப்படியே வந்தது, ஆட்கள் மட்டும் மாறினார்கள்.

சுக்குமல்லி:
நம்ம சினிமா காமெடில நிறத்தையும் உடம்பையும் வச்சு அடிக்காத அடியா? அதையும் பேசலாமே.

தேநீர்_இடைவேளை:
பேசலாம், தனி இழையில். இங்கே கலந்தால் இரண்டும் கெடும்.

கத்தரிப்பு:
இட் எயின்ட் ஹாஃப் ஹாட் மம். 1974–81, 56 எபிசோட், டாட்ஸ் ஆர்மி தொடரை எழுதிய அதே ஜிம்மி பெர்ரி, டேவிட் கிராஃப்ட். களம் நாசிக் பக்கத்து தேவ்லாலி ராணுவ முகாம், பிறகு பர்மா. பெர்ரியே தேவ்லாலியில் ராணுவ நாடகக் குழுவில் இருந்தவர். பிபிசி இதைத் திரும்பப் போடுவதில்லை, காரணம் ஒரு பெயரில் அடங்கும்: முகாமின் இந்தியப் பணியாள் ரங்கி ராம் வேடத்தில் மைக்கேல் பேட்ஸ், முகத்தில் மை பூசிய வெள்ளைக்காரர். பிறந்தது ஜான்சி, உருது பேசுவார், பர்மாவில் கூர்க்கா படையில் இருந்து போரிட்டவர் என்பதெல்லாம் உண்மை. அத்தனையும் சேர்ந்தும் மையைக் கழுவவில்லை. 1978-ல் அவர் இறந்தபின் அந்த வேடத்துக்கு வேறு ஆளைப் போடவில்லை.

ஆனால் வெளியே தரையில் உட்கார்ந்து பங்கா (கூரை விசிறி) கயிறு இழுக்கும் ஆள் ரம்ஜானை (பாபர் பட்டி) யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு அமளிக்குப் பிறகும் உருதுவில் நீளமாக முணுமுணுத்து, கடைசி மூன்று நான்கு சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் போடுவான். ஸ்டூடியோ கூட்டத்துக்குப் புரிந்தது அந்த வால் மட்டும்தான், சிரிப்பும் அதில்தான் விழும். இந்தி-உருது காதில் பட்ட நமக்குத் தலையும் கிடைக்கிறது. மழைக்காகம் முறைப்படி கேட்டால் கடைசிச் சிரிப்பு துரைகளுக்கு எதிராக, கயிறு இழுப்பவன் பக்கம். அப்போதும் ரங்கி ராம் "நாம் பிரிட்டிஷார்" என்று சொல்லிக்கொண்டு அவனை அதட்டுவான். எஜமானைவிட எஜமான விசுவாசம் பெரிது என்பதைக் காட்ட இதைவிடச் சுருக்கமான காட்சி கிடையாது. அதை ஓர் இந்திய நடிகர் செய்திருந்தால் இந்தத் தொடரின் தலையெழுத்தே மாறியிருக்கலாம்.

மழைக்காகம்:
தொடுப்பு அருமை. எதிர்ப்பக்கத்துக்கு ஒன்று: யெஸ் மினிஸ்டர், 1980, 'தி அஃபீஷியல் விசிட்'. புரண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் அதிபர் வருகிறார். வெளியுறவுத் துறை இப்படிப்பட்ட நாடுகளுக்கு வைத்திருக்கும் சுருக்கெழுத்தைச் செயலாளர் பெர்னார்ட் அமைச்சரிடம் விரித்துச் சொல்வார்: "ஓட்டை உடைசல் ஆப்பிரிக்கக் குட்டி நாடு" என்று பொருள் வரும். தாளில் அடித்தால் அப்பட்டமான இளக்காரம். ஆனால் அதே எபிசோடில் அந்த அதிபர், அமைச்சர் ஹேக்கரின் பழைய கல்லூரித் தோழர், ஸ்காட்லாந்து மக்களை ஆங்கிலேயருக்கு எதிராகத் தூண்டும் பேச்சைத் தயாராக வைத்துக்கொண்டு, அதைப் பேசாமலிருக்க 5 கோடி பவுண்ட் வட்டியில்லாக் கடன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். இளக்காரம் செய்த அலுவலகமே பணத்தை எண்ணிக் கொடுக்கிறது.

இதில் இடறுவது வேறு: தொடர் முழுக்க அறையில் பெண்களைக் காண்பதே அரிது. 1982-ன் 'ஈக்வல் ஆப்பர்ச்சூனிட்டீஸ்' அதையே கதையாக்கியது. நான்கு ஆண்டில் உயர்பதவிகளில் 25 சதவீதம் பெண்கள் என்று ஹேக்கர் கிளம்ப, துறைச் செயலாளர்கள் ஒவ்வொருவராகக் "கொள்கை அளவில் ஆதரவு, ஆனால் எங்கள் துறையில் மட்டும்…" என்று நழுவுவார்கள். இன்றைக்கு ஒரு சொல் மாற்றாமல் எந்த அலுவலகக் கூட்டத்திலும் ஓடும்.

ஆர் யூ பீயிங் சர்வ்ட், 'அலோ 'அலோ இரண்டும் இரட்டை அர்த்தத்தையே ரொட்டியாகத் தின்றவை. பத்து எபிசோடுக்கு மேல் திகட்டும், அதிலே புண்படுவதற்கும் ஒன்றும் பெரிதாக இல்லை.

பனங்கிழங்கு:
ஒரு டெக்னிக்கல் சந்தேகம். பிரிட்டிஷ் டிவிடி எல்லாம் 4 சதவீதம் வேகமா ஓடும் எண்டு சொல்லுகினம். அப்ப எபிசோட் நீளத்தை வைச்சு வெட்டைக் கண்டுபிடிக்கேலாதே?

நாடாப்பெட்டி:
அது நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்) ஓடும் சினிமாவுக்கு, அதை 25-க்கு ஏற்றும்போது வருவது. இவை பிறவியிலேயே 25-க்கு எடுத்தவை, வேகம் மாறாது. நீளத்தை நம்பலாம். பிபிசி சிட்காம் விளம்பரம் இல்லாதது, அதனால் 28–30 நிமிடம், ஃபால்ட்டி டவர்ஸ் இரண்டாம் சீரிஸ் 30-ஐத் தாண்டும். தேம்ஸ், யார்க்‌ஷயர், எல்.டபிள்யூ.டி. எல்லாம் அடங்கிய விளம்பர சேனல் ஐடிவியின் சிட்காம் விளம்பரம் போக 25 சுற்றித்தான் இருக்கும், அதைப் பார்த்து வெட்டு என்று பதற வேண்டாம். விளம்பரம் போடும் சேனலில் பிபிசி எபிசோடுக்கு 40 நிமிட இடம் கொடுத்திருந்தால் அநேகமாக முழுசு. அரை மணிக்குள் அடைத்திருந்தால் ஐந்தாறு நிமிடம் கட்டாயம் போயிருக்கும், அது தணிக்கை அல்ல, சோப்பு விளம்பரம்.

நீளத்தைவிட அகலத்தைக் கவனியுங்கள். மூலம் 4:3. சில சேனல்கள் 16:9 திரையை நிரப்ப மேலும் கீழும் சீவிவிடுகின்றன. படத்தின் 576 கிடைவரியில் 432-தான் மிஞ்சும், உயரத்தில் கால் பங்கு காலி. பேசில் நாஜி நடை நடக்கும் முழு உருவக் காட்சியில் ஒன்று தலை போகும், இல்லை கால் போகும். கால் இல்லாமல் அந்த நடை என்ன நடை?

அடுத்தது அசைவு. ஸ்டூடியோ வீடியோ நொடிக்கு 50 அரைச் சட்டம், வெளிப்புறம் 16 மி.மீ. ஃபிலிம். வாசலைத் தாண்டினால் படத்தின் தோலே மாறுவது அதனால்தான். டிவிடியைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறவர்கள் எல்லாவற்றையும் 25-ஆகச் சுருக்கிவிடுவார்கள், ஓடியாடும் நகைச்சுவை திக்கித் திக்கித் தெரியும். விஎல்சி பிளேயரில் டீஇன்டர்லேஸை ஆன் செய்து, மோடில் 'யாடிஃப் 2எக்ஸ்' வையுங்கள். கதவு அறையும் வேகம் அப்போதுதான் சரியாக வரும். ஏற்கெனவே சுருக்கிய ஃபைலில் இது பலிக்காது.

வாங்குகிறவர்களுக்கு: டிவிடி ஒவ்வொரு விற்பனை மண்டலத்துக்கும் (ரீஜன்) பூட்டியிருக்கும். பிரிட்டன் டிவிடி ரீஜன் 2, இந்தியாவும் இலங்கையும் 5, மலேசியா-சிங்கப்பூர் 3. ரீஜன் பூட்டு இல்லாத பிளேயர் வேண்டும். பழைய ஐடிவி தொடர்களை நிறைய வெளியிட்ட நெட்வொர்க் நிறுவனம் 2023-ல் மூடிவிட்டது, இப்போது கிடைப்பது பழைய சரக்குதான்.

தேநீர்_இடைவேளை:
முதல் முறை பார்க்கிறவருக்கு வரிசை?

மழைக்காகம்:
ரைசிங் டாம்ப் முதல் சீரிஸில் இரண்டு, யெஸ் மினிஸ்டர் 'தி அஃபீஷியல் விசிட்', அதற்கப்புறம் 'த ஜெர்மன்ஸ்' முழுப் பிரதி. ஜெர்மன் விருந்தாளிகள் வருவதே கடைசிப் பத்து நிமிடத்தில்தான், பேசில் அப்போது தலையில் அடிபட்டுக் கட்டோடு இருப்பான். முடிவு வரி யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். "இவர்கள் எப்படித்தான் போரில் ஜெயித்தார்களோ" என்று வியப்பது ஜெர்மன்காரர். ஓட்டல் சர்வர் மானுவேலாக ஓடியாடும் ஆண்ட்ரூ சாக்ஸ் 1938-ல் நாஜிகளுக்குத் தப்பி பெர்லினிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. லவ் தை நெய்பரைக் கடைசியில், அதுவும் ஒப்பிடுவதற்கு ஒன்று போதும்.

சுக்குமல்லி:
ஜெர்மன்ஸ் ஓட்டிப் பார்த்தாச்சு. ஓவல் வருது, திருத்தம் வரலை. நீளம் 24 நிமிஷம். மேஜர் தொப்பி வேற பாதி காணோம்.

நாடாப்பெட்டி:
அப்படியென்றால் மூன்றும் நடந்திருக்கிறது. டிவிடி தேடுங்கள்.